தொழில் பதில்கள்: சர்க்கார் ஆர்டருக்கு எந்த வாசலில் நிற்பது?

போன இதழில் சிறுதொழில் கடன் பற்றி எழுதியதும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கடனை விட்டுவிட்டு டெண்டருக்குத் தாவிவிட்டன. சரி, இந்தத் தடவை அதையே எடுத்துக்கொள்வோம். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

அண்ணாச்சி, தென்னை நாரில் மிதியடியும் கயிறும் செய்கிற சின்ன யூனிட் வைத்திருக்கிறேன், நாலு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். உத்யம் எடுத்தால் அரசாங்கமே ஆர்டர் கொடுக்கும் என்று மைத்துனர் சொன்னதை நம்பி ஒரு வெப்சைட்டில் 2,500 ரூபாய் கட்டி சர்டிபிகேட் வாங்கினேன். மாசங்கள் ஆச்சு, ஒரு போன்கூட வரவில்லை. அடுத்து என்ன செய்யட்டும்?
*– வாசகர், ஈத்தாமொழி*

போன் வராது. உத்யம் என்பது நீங்கள் குறு, சிறு தொழில் நடத்துகிறவர் என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். அதைப் பார்த்து ஆர்டர் கொடுக்க யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

முதலில் அந்த 2,500. உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. 2020 ஜூலை 1-ல் தொடங்கிய நாளிலிருந்தே இலவசம்தான். ஆதார், பான், ஆதாரோடு இணைத்த மொபைலுக்கு வரும் ஓடிபி, இவை இருந்தால் போதும். ஒரு காகிதத்தையும் ஏற்றச் சொல்ல மாட்டார்கள். கூகுளில் தேடினால் மேலே விளம்பரமாக வந்து நிற்கிறதே, மூவர்ணப் பட்டையெல்லாம் போட்டு, அவை தனியார் இடைத்தரகர்கள் நடத்துகிற தளங்கள். அரசுத் தளத்தின் முகவரி ஜிஓவி டாட் இன் என்றுதான் முடியும். போன பணம் போனதுதான். ஆனால் அந்தச் சான்றிதழில் இருக்கிற மொபைல் எண்ணும் மெயிலும் உங்களுடையதா, ஏஜென்டுடையதா என்று இன்றைக்கே பாருங்கள். பதிவைத் திருத்தப் போகிற ஒவ்வொரு தடவையும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் போகும்.

அதே காகிதத்தில் இன்னொன்றும் பார்க்கணும். தொழில் வகை என்ற இடத்தில் உற்பத்தி என்று இருக்கிறதா, வர்த்தகம் என்று இருக்கிறதா? அவசரத்தில் போட்டுத் தருகிறவர்கள் மிதியடி விற்கிறார்தானே என்று வர்த்தகம் என்று போட்டுவிடுவார்கள். 2021-ல் வியாபாரிகளையும் உத்யமுக்குள் சேர்த்தார்கள், ஆனால் அது வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்கு மட்டும். அரசு கொள்முதல் சலுகைகள் வியாபாரிகளுக்குக் கிடையாது. வர்த்தகம் என்று இருந்தால், சரியான தொழில் குறியீட்டோடு உற்பத்தி என்று மாற்றுங்கள், மாற்றவும் காசு இல்லை. குழப்பமாக இருந்தால் நாகர்கோவில் கோணத்தில் மாவட்ட தொழில் மையம் இருக்கிறது, போய்க் கேளுங்கள், சொல்லித் தருவார்கள்.

சலுகைகள் என்னென்ன? ஒன்றிய அரசின் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் வருடாந்திரக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து வாங்கணும் என்பது 2012-ல் வந்த கொள்கை (ஆரம்பத்தில் 20 ஆக இருந்ததை 2018-ல் கூட்டினார்கள்). அந்த 25-க்குள்ளேயே பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் நடத்தும் தொழில்களுக்கு 4, பெண்கள் நடத்தும் தொழில்களுக்கு 3. டெண்டர் படிவம் இலவசம், இஎம்டி எனப்படும் முன்வைப்புத் தொகையும் கட்ட வேண்டாம். குறு, சிறு நிறுவனங்களிடம் மட்டுமே வாங்கணும் என்று 358 பொருட்களை ஒதுக்கியும் வைத்திருக்கிறார்கள், அந்தப் பட்டியலில் தென்னை நாரும் கயிறும் மிதியடி வகையும் இருக்கிறது என்பது உங்களுக்கு நல்ல சேதி.

விலையிலும் ஒரு கை கொடுக்கிறார்கள். ஒரு பெரிய கம்பெனி 100 ரூபாய் போட்டு எல்1 ஆக, அதாவது ஆகக் குறைந்த விலைக்காரராக வருகிறது, நீங்கள் 112 போட்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். வித்தியாசம் 15 சதவீதத்துக்குள் இருப்பதால் உங்களைக் கூப்பிட்டு, நீயும் 100-க்குத் தருவாயா என்று கேட்பார்கள். சரி என்றால் அளவில் 25 சதவீதம் உங்களுக்கு. பிரிக்க முடியாத ஆர்டர் என்றால் முழுவதையும்கூடக் கொடுக்க இடம் இருக்கிறது. ஆனால் எல்1 ஆக வந்தவரும் உங்களைப் போல சிறு தொழில்காரர் என்றால் இந்தக் கணக்கு ஓடாது. அதோடு, 112-க்கு அடக்கம் பார்த்தவர் 100-க்கு ஒத்துக்கொள்ளும்முன் நன்றாக யோசிக்கணும். நாரின் விலை ஏறி இறங்குகிற லட்சணம் உங்களுக்கே தெரியும்.

இப்போது நீங்கள் கேட்ட அடுத்த வேலைக்கு வருகிறேன். வாங்குகிறவரைத் தேடுங்கள். என் கட்சி எப்போதும் இதுதான்: முதலில் யார் வாங்குகிறார்கள் என்று பாருங்கள், அதற்கப்புறம் அவர்கள் கேட்கிற பதிவை எடுங்கள். ஜெம் என்று ஒன்றிய அரசு 2016-ல் தொடங்கிய ஆன்லைன் சந்தை இருக்கிறது. அதில் பிட், அதாவது அரசு அலுவலகங்கள் விலை கேட்டுப் போடும் அறிவிப்புகளின் பட்டியலை லாகின் இல்லாமலே பார்க்கலாம். காயர் மேட் என்று தேடி, யார் எந்த ஊரில் எத்தனை கேட்கிறார்கள் என்று கொஞ்ச நாள் சும்மா படித்துக்கொண்டே இருங்கள். பிட்டைத் திறந்தால் முதல் பக்கங்களிலேயே ஒரு கட்டம் வரும், அனுபவ ஆண்டுகளிலும் டர்ன்ஓவரிலும் எம்எஸ்இ-க்கு, அதாவது குறு, சிறு நிறுவனங்களுக்கு விலக்கு உண்டா இல்லையா என்று. உண்டு என்று போட்டிருப்பவைதான் இப்போதைக்கு உங்களுக்கானவை. இல்லை என்று இருந்தால் மூன்று வருஷ சப்ளை ஆதாரம் கேட்பார்கள், அதை விட்டுவிடுங்கள். மிதியடி தவிர, மண் சரியாமல் இருக்கப் பரப்புகிற நார் விரிப்பு இருக்கிறதே, ஜியோ டெக்ஸ்டைல், அதைப் பிரதமர் கிராமச் சாலைத் திட்ட ரோடுகளில் பயன்படுத்த 2020-ல் வழி திறந்தார்கள். உங்கள் தறியில் அது முடியுமா என்றும் பாருங்கள்.

ஜெம்மில் விற்பனையாளராகச் சேர்ந்த பிறகு பொருளைப் படத்தோடு ஏற்றணும். அப்போது டெலிவரி இடம் என்று கேட்கும். ஆசையில் இந்தியா முழுவதும் என்று டிக் அடிக்காதீர்கள். அங்கே போடுகிற விலை, வாங்குகிறவர் வாசலில் இறக்குவது வரைக்குமான விலை. அசாமில் ஒரு அலுவலகம் பத்து மிதியடி கேட்டால் லாரி வாடகையே மிதியடியைத் தின்றுவிடும். திருநெல்வேலி, தூத்துக்குடி, திருவனந்தபுரம் என்று கைக்கெட்டும் தூரத்தில் ஆரம்பியுங்கள். சின்ன ஆர்டரையும் ஒழுங்காக முடியுங்கள், ஏனென்றால் அடுத்த பிட்டில் காட்டுவதற்கு உங்களிடம் இருக்கப் போவது அந்தச் சின்ன ஆர்டரின் ரசீதுதான்.

நான் கொத்தனாராக இருந்து மேஸ்திரி ஆனவன். பதினைந்து வருஷமாக வீடு கட்டுகிறேன். மேல்புறம் ஒன்றியத்தில் சின்னக் கல்வெர்ட், ஓடை, சிமெண்ட் ரோடு வேலைகள் எடுக்க ஆசை. உத்யம் இருக்கிறது. இஎம்டி கட்ட வேண்டாம்தானே?
*– வாசகர், அருமனை*

கட்டணும் தம்பி. மேலே சொன்ன சலுகை, பொருளுக்கும் சேவைக்கும். அதுவும் ஒன்றிய அரசு வாங்கும்போது. கட்டுமான ஒப்பந்தம் அதில் வராது. உத்யமைக் காட்டி இஎம்டி இல்லாமல் போட்டால் தகுதி பார்க்கிற டெக்னிக்கல் கவரிலேயே தள்ளிவிடுவார்கள், உங்கள் ரேட்டை யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

உங்களுக்கு வேண்டியது ஒப்பந்ததாரர் பதிவு. இது ஒரு இடத்தில் எடுத்தால் எல்லா இடத்துக்கும் செல்லும் என்று நினைக்க வேண்டாம். பொதுப்பணித் துறை, நெடுஞ்சாலை, குடிநீர் வாரியம், ஊரக வளர்ச்சி, நாகர்கோவில் மாநகராட்சி, ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கும். வகுப்பு வகுப்பாகப் பிரித்து, இந்த வகுப்புக்காரர் இவ்வளவு ரூபாய் வேலை வரைதான் எடுக்கலாம் என்று வரம்பும் இருக்கும். வேறு துறையில் பதிந்தவரையும் சேர்த்துக்கொள்வோம் என்று சில நோட்டீஸில் போட்டிருப்பார்கள், சிலதில் இருக்காது. ஒன்றிய வேலைதான் குறி என்றால் ஊரக வளர்ச்சித் துறையில் ஆரம்பியுங்கள், ஒன்றிய அலுவலகத்தில் பொறியியல் பிரிவில் கேட்டால் இந்த வருஷம் என்னென்ன கேட்கிறார்கள் என்ற பட்டியல் கிடைக்கும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கிராம ஊராட்சிகள் 95 தான், ஆனால் பேரூராட்சிகளே ஐம்பதைத் தாண்டும். அருமனையே பேரூராட்சிதான். ஆகவே வேலை ஒன்றியத்திலா பேரூராட்சியிலா என்று முதலில் தெளிவாகுங்கள்.

பொதுவாகக் கேட்பவை பான், ஜிஎஸ்டி, வருமானவரி ரிட்டர்ன், வட்டாட்சியர் தரும் சொத்து மதிப்புச் சான்று, அனுபவச் சான்று. சொத்து மதிப்புச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், ஆனால் பட்டா உங்கள் பெயரில் இருக்கணும்; அப்பா பெயரிலேயே கிடக்கிறது என்றால் அதுதான் உங்கள் முதல் வேலை, மற்றதெல்லாம் பிறகு. அனுபவச் சான்றுக்கு, பதினைந்து வருஷம் வீடு கட்டியதை வாயால் சொல்லிப் பிரயோசனமில்லை. இன்னொரு ஒப்பந்ததாரர் பெயரில் எடுத்த வேலையை நீங்கள் செய்து முடித்திருந்தால் அந்தச் சான்றும் அவருக்குத்தான் போகும். அனுபவம் கேட்காத கடைசி வகுப்பில் நுழைந்து மேலே ஏறுவதுதான் வழி.

பதிவு ஆனதும் டெண்டர் போடுவது தமிழ்நாடு அரசின் இணைய டெண்டர் தளத்தில். அதற்கு டிஎஸ்சி எனப்படும் டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ் வேணும், பென்டிரைவ் மாதிரி டோக்கனில் வரும். மூன்றாம் வகுப்பு, கையெழுத்து, என்கிரிப்ஷன் இரண்டும் சேர்ந்தது என்று கேட்டு வாங்குங்கள். கையெழுத்து மட்டும் உள்ளதை விலை குறைவு என்று தலையில் கட்டிவிடுவார்கள். அந்த டோக்கன் உங்கள் கையெழுத்து. டெண்டர் போட்டுத் தருகிற கடையில் அதை பாஸ்வேர்டோடு கொடுத்து வைத்திருக்கிறவர்கள் நம் ஊரில் ஏராளம். கேட்டால், அவன் நம்ம பையன் என்பார்கள். வேண்டாம், போட்டு முடித்ததும் உருவிக் கொண்டுவாருங்கள்.

ரேட் போடுவது பிஓக்யூ (வேலை அளவுப் பட்டியல்) என்ற எக்செல் ஃபைலில். தளத்திலிருந்து இறக்கிய அதே ஃபைல், அதே பெயர். நிரப்ப விட்டிருக்கிற கட்டங்களைத் தவிர எதையும் தொடக்கூடாது, வரிசை சேர்க்கக்கூடாது, பெயரை மாற்றி சேவ் செய்யக்கூடாது. எல்லாம் ஏற்றியபின் ஃப்ரீஸ் என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தி, டெண்டர் எண்ணும் நேரமும் போட்ட ஒப்புகை வந்தால்தான் உங்கள் டெண்டர் போய்ச் சேர்ந்தது. ஃபைல் ஏறிவிட்டது என்று ஃப்ரீஸ் செய்யாமல் மூடிவிட்டுப் போனால் போடாததற்குச் சமம். நேரமும் உங்கள் கடிகாரம் இல்லை, சர்வர் கடிகாரம். மூன்று மணி என்றால் மூன்று மணி. 2 கோடி வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம் தரணும் என்பது 2000-ம் ஆண்டு தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மை விதிகளில் இருக்கிறது. அவசரம் என்று காரணம் எழுதி மேலதிகாரி குறைக்கலாம். ஆனாலும் பொதுவாக நாள் இருக்கிறது, கடைசி மதியம் வரை வைக்காதீர்கள்.

ரேட் பற்றி. வீட்டு வேலையில் பார்ப்பது போல சிமெண்ட், கம்பி, கூலி மட்டும் கூட்டிவிட்டுப் போடாதீர்கள். ஜிஎஸ்டி 18 சதவீதம் ரேட்டுக்குள்ளா வெளியிலா என்று நோட்டீஸில் பார்க்கணும். தொழிலாளர் நல நிதிக்கு 1 சதவீதம் போகும். வேலை முடிந்தபின்னும் பராமரிப்புக் காலம் முடியும்வரை பில்லில் ஒரு பங்கைப் பிடித்து வைப்பார்கள். அதுபோக நம் பக்கத்து மழை. ஊரெல்லாம் ஒரு மழைக்காலம் என்றால் நமக்கு இரண்டு, ஆனியிலும் உண்டு ஐப்பசியிலும் உண்டு. ஓடை வேலைக்கு நாலு மாசக் கெடு என்றால் அதில் எத்தனை நாள் தண்ணீர் இல்லாமல் கிடைக்கும்? ரப்பர் தோட்டத்துக்கு நடுவே ஏற்றத்தில் இருக்கிற சைட்டுக்கு டிப்பர் போகாது, ஜல்லியைச் சின்ன வண்டியில் மாற்றி ஏற்றணும். டெண்டர் போடும்முன் இடத்தை நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள். பக்கத்து ஒப்பந்ததாரர் 20 சதவீதம் குறைத்துப் போட்டார் என்று நீங்களும் குறைத்தால், மதிப்பீட்டைவிட ரொம்பக் குறைவு என்று கூடுதல் வைப்புத்தொகை கேட்கிற இடமும் உண்டு.

என் வீட்டுக்காரர் பெயரில் தையல் யூனிட், ஆறு மெஷின். பெண்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு என்கிறார்கள். சான்றிதழை மட்டும் என் பெயருக்கு மாற்றினால் போதுமா? பள்ளிச் சீருடை கிடைக்குமா?
*– வாசகி, தக்கலை*

காகிதத்தில் மட்டும் மாற்றினால் போதாது அம்மா. தனியுரிமைத் தொழில் என்றால் உரிமையாளர் நீங்களே, கூட்டு என்றால் பெண்கள் பங்கு குறைந்தது 51 சதவீதம். தனியுரிமையில் உரிமையாளர் மாறினால் பான் மாறுகிறது, ஜிஎஸ்டி புதிது, வங்கியில் கரண்ட் அக்கவுண்ட் புதிது, உத்யமும் புதிது. அவர் பெயரில் இதுவரை செய்த ஆர்டர்கள் உங்கள் அனுபவமாக வராது. அந்த இழப்பு பெரிதா, 3 சதவீதத்தால் வரும் லாபம் பெரிதா என்று உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். தையல் பார்ப்பது, ஆள் வைப்பது, விலை பேசுவது எல்லாம் நீங்கள்தான் என்றால் மாற்றுவதே முறை, தயங்க வேண்டாம். இருவரும் சேர்ந்து கூட்டுத் தொழிலாக எழுதிக்கொண்டு உங்களுக்கு 51 வைப்பதும் ஒரு வழி.

மாற்றுவதானால் முதலில் ஆதாரையும் பானையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் பக்கத்தில் ஒன்றில் இனிஷியலும் இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாகவும், கல்யாணத்துக்கப்புறம் எடுத்ததில் கணவர் பெயருமாக இருப்பது சகஜம். பெயர் ஒத்துப்போகாவிட்டால் உத்யம் முதல் பக்கத்திலேயே நின்றுவிடும்.

இலவசப் பள்ளிச் சீருடை, சமூக நலத் துறையின் கீழ் உள்ள மகளிர் தையல் தொழிற் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகத் தைக்கப்படுகிறது. தனி யூனிட் அதில் டெண்டர் போட்டு நுழைய முடியாது, சங்கத்தில் உறுப்பினராகச் சேர முடியுமா என்று மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்கலாம். உங்கள் யூனிட்டுக்கு ஜெம்மில் படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஏப்ரன் போன்றவற்றைப் பாருங்கள். துணியின் தரத்துக்கு லேப் ரிப்போர்ட் கேட்கிறார்களா என்று படித்துவிட்டு விலை போடுங்கள். இன்னொன்று: இஎம்டி விலக்கு கிடைத்தாலும், ஆர்டர் கிடைத்தபின், வேலையை ஒழுங்காக முடிப்பதற்கான பிணைத் தொகையாக பெர்ஃபார்மன்ஸ் செக்யூரிட்டி கேட்டால் கட்டத்தான் வேணும், அதற்கு விலக்கு இல்லை. அந்தப் பணத்தைத் துணி வாங்க வைத்திருக்கிற பணத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வெல்டிங், லேத் பட்டறை. பக்கத்து மாவட்டத்தில் இருக்கிற மகேந்திரகிரி, கூடங்குளம் வேலைகளுக்கு நாங்கள் போடலாமா?
*– வாசகர், ஆரல்வாய்மொழி*

தாராளமாக. மகேந்திரகிரியில் இஸ்ரோ, கூடங்குளத்தில் அணுமின் நிலையம், இரண்டும் ஒன்றிய அரசு சார்ந்தவை, மாவட்ட எல்லை ஒரு பொருட்டே இல்லை, மேலே சொன்ன 2012 கொள்கையும் பொருந்தும். இஸ்ரோவுக்குத் தனி இ-டெண்டர் தளம் இருக்கிறது, ரயில்வேக்கு ஐஆர்இபிஎஸ் (நாகர்கோவில், கன்னியாகுமரி ஸ்டேஷன்கள் திருவனந்தபுரம் கோட்டம், அதையும் கவனியுங்கள்), மணவாளக்குறிச்சியில் கடற்கரை மணலில் தாது எடுக்கும் ஒன்றிய அரசு நிறுவனமான ஐஆர்இஎல் இருக்கிறது. உங்களைப் போன்ற பட்டறைக்கு நேரடியாகப் பெரிய டெண்டரைவிட அங்கே ஏற்கெனவே வேலை எடுத்திருக்கிறவர்களுக்குப் பாகம் செய்து கொடுப்பது நல்ல ஆரம்பம். வெல்டர் தகுதிச் சான்றும் அளவுக் கருவிகளின் காலிபரேஷன் சான்றும் இல்லாமல் அந்தப் பக்கம் போனால் கேட்டிலேயே பேச்சு முடிந்துவிடும்.

2 சதவீதம் முன்பணம் கொடுத்தால் டெண்டர் வாங்கித் தருகிறேன் என்கிறார் ஒருவர். நம்பலாமா?
*– வாசகர், குலசேகரம்*

கூடாது. பத்துப் பேரிடம் வாங்குவார், ஒருவருக்கு எப்படியும் கிடைக்கும், அவரிடம் நான்தான் செய்தேன் என்பார்.

ஒரு அலுவலகத்துக்கு மேஜை, பெஞ்ச் செய்து கொடுத்து எட்டு மாசம் ஆகிறது. பில் தொகை மூன்று லட்சத்துக்கு மேல். கேட்டால் ஃபண்ட் வரவில்லை என்கிறார்கள். உத்யம் இருக்கிறது. என்ன செய்யலாம்? வந்தாலும் முழுசாக வருமா?
*– வாசகர், குளச்சல்*

2006-ம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு, சிறு தொழில் உற்பத்தியாளரிடம் வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தரணும். எழுத்தில் கெடு எதுவும் பேசாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. இது அரசு அலுவலகத்துக்கும் பொருந்தும். சமாதான் என்ற தளத்தில் 2017 முதல் இதற்கு ஆன்லைனிலேயே மனு போடலாம், அது, இப்படிப்பட்ட பாக்கி வழக்குகளைத் தீர்க்கும் மாநில வசதியாக்கக் கவுன்சிலுக்குப் போகும். மனுவுக்கு உத்யம் எண், பர்ச்சேஸ் ஆர்டர், இன்வாய்ஸ் வேணும். ஆர்டருக்கு முன்பே உத்யம் எடுத்திருந்தீர்களா என்று பாருங்கள். பின்னால் எடுத்திருந்தால் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் மனு போடும்முன் அந்த அலுவலகத்துக்கு ஒரு தடவை நேரில் போய், பில் எந்த மேஜையில் இருக்கிறது என்று கேட்பேன். ஃபண்ட் இல்லை என்பது சில நேரம் உண்மை. சில நேரம், சரக்கைப் பெற்றுக்கொண்டதாக ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏற்றாமலே பில் கிடக்கும். உங்கள் டெலிவரி சலானில் கையெழுத்து, தேதி, அலுவலக முத்திரை மூன்றும் இருக்கிறதா? கையெழுத்து மட்டும் இருந்து, போட்டவர் மாற்றலாகிப் போயிருந்தால் அதைச் சரிசெய்வதுதான் முதல் வேலை. அப்புறம் வட்டியையும் கணக்கிட்டு ஒரு கடிதம் பதிவுத் தபாலில். பல இடங்களில் அந்தக் கடிதத்துக்கே ஃபைல் நகர்ந்துவிடும். நகராவிட்டால் சமாதான். அடுத்த ஆர்டர் கொடுக்க மாட்டார்களே என்று பயந்து வருஷக்கணக்கில் சும்மா இருக்கிறவர்கள் உண்டு. எட்டு மாசம் பணம் தராதவரிடம் அடுத்த ஆர்டர் வாங்கி என்ன செய்யப் போகிறீர்கள்?

முழுசாக வராது. வருமானவரி டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடித்துக்கொள்ளும் வரி), தனிநபர் தொழில் என்றால் ஒப்பந்த வேலைக்கு 1 சதவீதம். ஒப்பந்த மதிப்பு ஜிஎஸ்டி நீங்கலாக 2.5 லட்சத்தைத் தாண்டினால் அரசு அலுவலகங்கள் ஜிஎஸ்டி டிடிஎஸ்ஸாக இன்னொரு 2 சதவீதம் பிடிக்கும். இரண்டும் உங்கள் பணம்தான். முதலாவதை வருமானவரி ரிட்டர்னில் கேட்டு எடுக்கலாம். இரண்டாவது ஜிஎஸ்டி தளத்தில் டிடிஎஸ் கிரெடிட் என்ற பகுதியில் வந்து காத்திருக்கும், நீங்கள் உள்ளே போய் அக்செப்ட் கொடுத்து ஃபைல் செய்யாதவரை கேஷ் லெட்ஜரில் ஏறாது. ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாமல், பழைய ஆர்டர்களுக்குப் பிடித்ததும் அங்கே கிடக்கிறதா என்று இந்த வாரமே ஒரு தடவை திறந்து பாருங்கள்.